டி.எம்.சி.யில் வரும் டியும் டெராபைட்டில் வரும் டியும் ஒன்றா?

வரவுசெலவு

வணக்கம். ஈரோட்டில் ஒரு ஜவுளிக் கடையில் கணக்கு எழுதுகிறேன், லட்சம் கோடியெல்லாம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் ஒன்பதாவது படிக்கும் மகள் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல வரவில்லை, அதனால் இங்கே வந்தேன்.

யூடியூபில் பார்வைகளை கே, எம், பி என்று போடுகிறார்கள். ஆயிரம், மில்லியன், பில்லியன். மெமரி கார்டிலோ கேபி, எம்பி, ஜிபி. முதல் இரண்டு எழுத்தும் இரண்டு இடத்திலும் ஒத்துப்போகிறது, மூன்றாவதில் மட்டும் அங்கே பி, இங்கே ஜி. "மெகாவும் மில்லியனும் ஒன்றுதானே, ஜிகாவும் பில்லியனும் ஒன்றுதானே, அப்புறம் எதுக்கு ரெண்டு ரெண்டு பேரு?" என்கிறாள். ஒன்று என்றால், பத்து லட்சம் ரூபாயை மெகா ரூபாய் என்று ஏன் யாரும் சொல்வதில்லை?

இதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. மேட்டூர் அணையின் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. என்று செய்தியில் வந்தது. கடையில் கூட வேலை செய்யும் தம்பி, அந்த டி டெராபைட்டில் வரும் அதே டெரா, எம் மெகா என்று அடித்துச் சொல்கிறான். மின்சாரச் செய்தியில் 20 ஆயிரம் மெகாவாட் என்கிறார்கள். ஆயிரம் மெகா ஒரு ஜிகா என்றால் 20 ஜிகாவாட் என்று சொல்லிவிட்டுப் போகலாமே, ஏன் இப்படிச் சுற்றுகிறார்கள்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள், ஆனால் சூத்திரமெல்லாம் போட்டு மிரட்ட வேண்டாம்.

---

மின்கம்பம்

முதலில் டி.எம்.சி.யை முடித்துவிடுவோம். தவுசண்ட் மில்லியன் கியூபிக் ஃபீட் என்பதன் சுருக்கம் அது. டி என்றால் ஆயிரம், எம் என்றால் மில்லியன், சி என்பது கன அடியின் கனம். டெராவும் இல்லை மெகாவும் இல்லை. ஆயிரம் மில்லியன் என்பது 100 கோடி, ஆகவே மேட்டூர் நிரம்பினால் 9,347 கோடி கன அடி. தம்பி சொல்கிறபடி டெரா மெகா என்று வைத்துக்கொண்டால் உள்ளதைவிட 100 கோடி மடங்கு அதிகம் தண்ணீர் இருக்கும், அப்படி இருந்தால் காவிரிக்கு வழக்கே வந்திருக்காது.

இப்போது பாப்பாவின் கேள்வி. ஆயிரம், லட்சம், கோடி, மில்லியன், பில்லியன் எல்லாம் எண்ணுப்பெயர்கள். தனியாக நிற்கும், எதை வேண்டுமானாலும் எண்ணும். ஆள், ஆடு, ரூபாய், நட்சத்திரம், பொய், எதுவானாலும் சரி. கிலோ, மெகா, ஜிகா, மில்லி, மைக்ரோ எல்லாம் முன்னொட்டுகள். மீட்டர், வாட், கிராம், லிட்டர் என்று பின்னால் ஓர் அலகு இருந்தால்தான் அவற்றுக்கு உயிர். மூவாயிரம் ஆடு என்றால் மந்தை, மூன்று கிலோ ஆடு என்றால் கறிக்கடை. நம் பேச்சில் கிலோ தனியாக வருகிறதே என்று கேட்பீர்கள். அங்கே கிராம் மறைந்து நிற்கிறது, அவ்வளவுதான். அதேபோல் எண்ணெய்க் கடையில் மில்லி என்றால் மில்லிலிட்டர். அலகு என்னவென்று எல்லோருக்கும் தெரிந்ததால் அதைச் சொல்லாமல் விட்டுவிட்டோம். சர்வதேச அலகு முறையின் விதிப்படி முன்னொட்டு தனியாக நிற்கக் கூடாது.

இன்னொரு வித்தியாசம் இருக்கிறது, எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. எண்ணுப்பெயர்களை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கலாம். ஆயிரம் கோடி, லட்சம் கோடி, ஆயிரம் மில்லியன். முன்னொட்டை அடுக்கக் கூடாது. பழைய ரேடியோப் பெட்டிகளின் கெபாசிட்டர்களில் மைக்ரோ மைக்ரோ ஃபாரட் என்று போட்டிருப்பார்கள், இப்போது அது பிகோஃபாரட். கிலோகிலோமீட்டர் என்றோ மில்லிமைக்ரோமீட்டர் என்றோ சொல்ல அனுமதி இல்லை. ஆனால் எண்ணுப்பெயரையும் முன்னொட்டையும் சேர்த்துச் சொல்லத் தடை கிடையாது. 20 ஆயிரம் மெகாவாட் அப்படி வந்ததுதான், ஆயிரம் என்பது எண், மெகாவாட் என்பது அலகு.

ஏன் 20 ஜிகாவாட் என்று சொல்வதில்லை? மின்துறையில் இருந்தவனாகச் சொல்கிறேன், பொதுமக்களைக் குழப்புவதற்கு அல்ல. மேட்டூர் அனல் மின் நிலையத்தின் பழைய யூனிட் ஒன்று 210 மெகாவாட். கூடங்குளத்தில் ஒரு உலை 1,000 மெகாவாட். ஒரு யூனிட் பழுதாகி நின்றால் மொத்தத்திலிருந்து 210ஐக் கழிக்க வேண்டும். எல்லாம் ஒரே அலகில் இருந்தால் மனக்கணக்கிலேயே முடிந்துவிடும், 20 ஜிகாவாட்டிலிருந்து 0.21 ஜிகாவாட் என்று யார் கழித்துக்கொண்டிருப்பது? டெல்லியில் நாடு முழுவதற்கும் திட்டம் போடும்போது ஜிகாவாட்டுக்குப் போய்விடுவார்கள். 2030க்குள் புதைபடிவ எரிபொருள் அல்லாத வகையில் 500 ஜிகாவாட் என்று 2021இல் கிளாஸ்கோ மாநாட்டில் இந்தியா அறிவித்தது. அதே எண்ணை நம்மூரில் 5 லட்சம் மெகாவாட் என்று எழுதுவார்கள்.

வீட்டு மின் கட்டணத்தில் வரும் ஒரு யூனிட் என்பது ஒரு கிலோவாட் மணி. மாநில அளவில் மில்லியன் யூனிட் என்பார்கள். கிலோ ஏற்கெனவே உள்ளே ஒளிந்திருப்பதால் ஒரு மில்லியன் யூனிட் என்பது ஒரு ஜிகாவாட் மணி ஆகிவிடும். மெகா என்று நினைத்து ஏமாறுபவர்கள் நிறைய.

---

சும்மாவந்தவன்

மெகா தள்ளுபடி, மெகா சீரியல், மெகா கூட்டணி எல்லாம் பத்து லட்சம் மடங்கா அண்ணே? கூட்டணியில் எனக்குச் சந்தேகம் இருக்கிறது.

---

செய்திமேசை

ஒரு நாளிதழில் பிரதி திருத்துகிறேன், தினமும் இந்தக் கூத்துதான். ஏஜென்சியிலிருந்து ஆங்கிலச் செய்தி மில்லியன், பில்லியன், டிரில்லியன் என்று வரும். தமிழில் அப்படியே போட்டால் ஊர்ப்பக்கம் வாசகருக்கு அளவு பிடிபடாது, அதனால் மாற்றுவோம். ஒரு மில்லியன் 10 லட்சம், ஒரு பில்லியன் 100 கோடி, ஒரு டிரில்லியன் லட்சம் கோடி. இந்த மூன்றும் மனப்பாடமாக இருந்தால் பிழைப்பு ஓடிவிடும்.

இதில் சங்கடம் எங்கே வருகிறது என்றால், மெட்ரிக் முன்னொட்டுகள் கிலோவுக்கு மேலே மூன்று மூன்று சுழியாக ஏறுகின்றன. 3, 6, 9, 12. ஆங்கிலப் பெயர்களும் அதே படிக்கட்டு. நம்முடையது ஆயிரத்துக்குப் பிறகு இரண்டிரண்டாக ஏறுகிறது. லட்சத்துக்கு 5 சுழி, கோடிக்கு 7. லட்சத்துக்கு நேராகவும் கோடிக்கு நேராகவும் ஒரு முன்னொட்டுகூடக் கிடையாது. காற்புள்ளி போடுவதும் அப்படித்தான், அவர்கள் 1,000,000 என்று போடும் இடத்தில் நாம் 10,00,000. இரண்டு படிக்கட்டும் மறுபடி சந்திக்கிற இடங்கள் 100 கோடியும் லட்சம் கோடியும். நூறு கோடி ஜிகா, லட்சம் கோடி டெரா. 2021 அக்டோபர் 21 அன்று இந்தியாவில் தடுப்பூசி 100 கோடி டோஸைத் தொட்டபோது எனக்கு வேலையே வைக்கவில்லை. வெளிநாட்டில் ஒரு பில்லியன் என்று கொண்டாடினார்கள், நாம் நூறு கோடி என்று கொண்டாடினோம், இரண்டு பக்கமும் ஒரே நாளில் உருண்டை எண்.

இப்படி அமைவது அபூர்வம். தமிழ்நாட்டுப் பொருளாதாரத்தை 2030க்குள் ஒரு டிரில்லியன் டாலருக்குக் கொண்டுபோவது அரசின் இலக்கு. அதை லட்சம் கோடி டாலர் என்று எழுதினால், அடுத்த பத்தியிலேயே ரூபாயில் வரும் லட்சம் கோடியோடு வாசகர் கலந்துவிடுகிறார். மத்திய பட்ஜெட் 2025-26க்கு 50.65 லட்சம் கோடி ரூபாய். லட்சம் கோடி என்று பார்த்ததும் மனசு ரூபாயைத்தான் நினைக்கிறது. அதனால் எங்கள் மேசையில் சிலர் டாலர் என்றால் டிரில்லியன், ரூபாய் என்றால் லட்சம் கோடி என்று பிரித்து வைத்துக்கொள்கிறார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை, வாசகருக்கு எளிது என்பதற்காக விட்டுக்கொடுத்திருக்கிறேன்.

இன்னொரு கண்ணிவெடி மில்லியும் மில்லியனும். ஒன்று ஆயிரத்தில் ஒரு பங்கு, மற்றது ஆயிரம் ஆயிரம். லத்தீனில் ஆயிரத்தைக் குறிக்கும் ஒரே வேரிலிருந்து பிறந்த அண்ணன் தம்பிகள், ஒருத்தன் கீழே போனான், இன்னொருத்தன் மேலே போனான். "மி" என்று சுருக்கினால் எது என்று தெரியாது, அதனால் மி.மீ., மி.லி. இரண்டுக்கு மட்டும் அனுமதி, மில்லியனை எங்களிடம் யாரும் சுருக்கக் கூடாது.

---

மின்கம்பம்

இதற்கு ரோமன் எழுத்திலும் அண்ணன் தம்பி சண்டை இருக்கிறது. சின்ன எம் போட்டால் மில்லி, பெரிய எம் போட்டால் மெகா. மில்லிவாட்டுக்கும் மெகாவாட்டுக்கும் நடுவே 100 கோடி மடங்கு. சின்ன எல்.ஈ.டி. விளக்கு ஒன்று எரிய சில பத்து மில்லிவாட் போதும், பெரிய எம்மில் எழுதிவிட்டால் அதற்கு ஒரு மின் நிலையம் வைக்க வேண்டும்.

---

ரைன்கரை

யாழ்ப்பாணத்திலிருந்து ஜெர்மனி வந்து குடியேறியவன். எங்கள் பக்கம் வீட்டில் பேசும்போது இலட்சம், கோடி, பத்திரிகையைத் திறந்தால் மில்லியன் ரூபாய், பில்லியன் ரூபாய். இரண்டையும் மாற்றி மாற்றி வாசித்தே பழகிவிட்டோம். இங்கே வந்தால் மூன்றாவது ஒன்று.

ஜெர்மனில் மில்லியனுக்கு அடுத்தது மில்லியார்ட. அதுதான் உங்கள் 100 கோடி. ஜெர்மனில் "பில்லியோன்" என்றால் லட்சம் கோடி, அதாவது ஆங்கிலக்காரர் டிரில்லியன் என்பது. அமெரிக்கா ஒரு டிரில்லியன் டாலர் செலவு செய்தால் இங்கே செய்தியில் ஒரு பில்லியோன் என்றுதான் வாசிப்பார்கள். ஆங்கிலச் செய்தியையும் ஜெர்மன் செய்தியையும் பக்கத்தில் வைத்துப் படிக்கும் பிள்ளைகளுக்கு முதல் வருடம் பைத்தியம் பிடிக்கும். ஸ்பானியர்களும் அப்படித்தான், பில்யோன் என்றால் அவர்களுக்கும் லட்சம் கோடி, 100 கோடியை ஆயிரம் மில்லியன் என்பார்கள், உங்கள் டி.எம்.சி. மாதிரியே.

பிரித்தானியரும் முன்பு இந்தக் கட்சிதான். 1974இல் தான் அரசாங்கப் புள்ளிவிபரங்களில் பில்லியன் என்றால் ஆயிரம் மில்லியன் என்று அமெரிக்க வழிக்கு மாறினார்கள். பிரான்ஸ் இதற்கு நேர் எதிர்த் திசையில் போய் 1961இல் பெரிய பில்லியனையே உறுதி செய்தது. அதனால் 1950களில் இலண்டனில் அச்சடித்த பழைய விஞ்ஞானப் புத்தகம் ஏதாவது கையில் கிடைத்தால், அதில் வரும் பில்லியனை உடனே 100 கோடி என்று எடுத்துவிடாதீர்கள்.

வரவுசெலவு அவர்களின் மகள் கேட்டதற்கு என் பதில் இதில்தான் இருக்கிறது. எண்ணுப்பெயர் ஒவ்வொரு மொழிக்கும் சொந்தம், அந்த மொழிக்காரர் நினைத்தால் மதிப்பு மாறும். ஜிகா அப்படி மாறாது. பெர்லினில், மாட்ரிட்டில், சென்னையில் எங்கே போனாலும் ஜிகாவுக்கு ஒரே மதிப்புத்தான், ஏனென்றால் எல்லா நாடுகளும் ஒரு மேசையில் உட்கார்ந்து தீர்மானித்தது. ஆய்வகக் காரர்கள் "பில்லியனில் ஒரு பங்கு" என்று எழுதுவதைச் சர்வதேச அலகுகளின் கையேடு விரும்புவதில்லை, காரணமும் இந்தப் பில்லியன் குழப்பம்தான்.

நம் கோடி மட்டும் எப்போதும் கோடியாகவே இருந்தது என்று பெருமைப்படவும் முடியாது. அது பாரசீகத்துக்குப் போய் "குரூர்" ஆனபோது அங்கே 5 இலட்சம் ஆகிவிட்டது. 1828இல் துர்க்மன்சாய் ஒப்பந்தத்தில் ஈரான் ருஷ்யாவுக்கு 10 குரூர் தோமான் (ஈரானியப் பணம்) கட்ட ஒப்புக்கொண்டது. இந்தியக் கணக்கில் அது 10 கோடி, அவர்கள் கட்ட வேண்டியிருந்தது 50 இலட்சம்.

---

வரவுசெலவு

எல்லோருக்கும் நன்றி. குரூர் விஷயத்தைக் கேட்டு எங்கள் முதலாளி ரொம்ப ரசித்தார், "நம்ம கடனையும் ஈரானியக் கோடியில் வாங்கியிருக்கலாம்" என்கிறார்.

ஆனால் முதல் கேள்வி அப்படியே நிற்கிறதே. யூடியூபில் ஏன் கே, எம், பி? அந்த கே கிலோவா, ஆயிரமா? எம் மெகாவா, மில்லியனா?

---

கோட்கூலி

கே என்பது கிலோ, எம் என்பது மில்லியன், பி என்பது பில்லியன். ஒரு முன்னொட்டையும் இரண்டு எண்ணுப்பெயரையும் கலந்து கட்டிய அவியல் அது. ஆயிரத்துக்கு ஆங்கிலத்தில் நியாயமாக டி வர வேண்டும், ஆனால் டி டிரில்லியனுக்கும் வரும், கே கிலோவிலிருந்து கடன் வாங்கியது. சம்பளம் 50கே, பார்வை 10கே என்பதெல்லாம் இந்த வழியில் வந்தவை. மில்லியனும் மெகாவும் ஒரே எழுத்தில் தொடங்குவது தற்செயல், டிரில்லியனும் டெராவும் டியில் தொடங்குவதும் தற்செயல், இரண்டு இடத்திலும் மதிப்பும் ஒன்றாகிவிட்டதால் மொத்தமும் ஒரே முறை என்று தோன்றுகிறது. பில்லியன் வரும்போதுதான் குட்டு வெளிப்படுகிறது. ஜி போட முடியுமா என்றால், அமெரிக்கப் பேச்சு வழக்கில் ஜி என்றால் கிராண்ட், அதாவது ஆயிரம் டாலர். அது வேறு தொல்லை. சரியாகச் சொன்னால் யூடியூபின் பெரிய கே அலகு முறைக்கும் பொருந்தாது. கிலோவுக்குச் சின்ன கே, பெரிய கே வெப்பநிலையின் கெல்வின்.

நிதித்துறையில் இதைவிட மோசம். சில கணக்கர்கள் ரோமன் எண்ணைப் பின்பற்றி எம் என்றால் ஆயிரம், எம்எம் என்றால் ஆயிரம் ஆயிரம், அதாவது மில்லியன் என்று எழுதுவார்கள். இயற்கை எரிவாயு விலைச் செய்தியில் எம்எம்பிடியு என்று வருகிறதே (பிடியு என்பது வெப்பத்தை அளக்கும் பிரிட்டிஷ் அலகு), அந்த இரண்டு எம்மும் சேர்ந்து ஒரே ஒரு மில்லியன். மெகா மெகா என்று வாசித்தால் லட்சம் கோடி ஆகிவிடும். உங்கள் கடைக் கணக்கை வெளிநாட்டு வாங்குபவருக்கு அனுப்பும்போது எம் மட்டும் போடாதீர்கள், முழுச் சொல்லாக எழுதுங்கள்.

மெமரி பக்கம் வருவோம். முன்னொட்டுகளை எல்லா நாடும் ஒப்புக்கொண்டது என்று மேலே சொன்னார்கள், உண்மைதான், ஆனால் எங்கள் தொழிலில் அதையும் கெடுத்து வைத்தோம். கணினி இரண்டு, நான்கு, எட்டு என்று இரட்டித்து எண்ணுவதால் 1,024ஐ கிலோ என்று பழக்கத்தில் சொல்லத் தொடங்கினார்கள். கிலோவில் வித்தியாசம் 2.4 சதவீதம்தான், டெராவுக்கு வரும்போது கிட்டத்தட்ட 10 சதவீதம். ஒரு டிபி ஹார்ட் டிஸ்க் வாங்கி விண்டோஸில் மாட்டினால் 931 ஜிபி என்று காட்டும். கடைக்காரர் ஏமாற்றவில்லை, டிஸ்க் செய்தவர் ஆயிரம் ஆயிரமாக எண்ணினார், விண்டோஸ் 1,024ஆக எண்ணிவிட்டு அதே ஜிபி என்ற பெயரைப் போடுகிறது. 1998இல் கிபி, மெபி, கிபி... இல்லை, தமிழில் எழுதினால் கிலோவுக்கான கிபியும் ஜிகாவுக்கான கிபியும் ஒரே மாதிரி இருக்கிறது, பாருங்கள் வேடிக்கையை. எப்படியோ, இந்த இரட்டிப்புக் கணக்குக்கென்று தனி முன்னொட்டுகளைத் தரப்படுத்தினார்கள். லினக்ஸ் ஆட்கள் ஓரளவு பயன்படுத்துகிறோம், கடையில் யாரும் கேட்பதில்லை.

பி எழுத்திலும் பொறி உண்டு. பெரிய பி பைட், சின்ன பி பிட், எட்டு பிட் ஒரு பைட். 100 எம்பிபிஎஸ் இணைப்பில் ஒரு நொடிக்கு அதிகபட்சம் 12.5 மெகாபைட்தான் இறங்கும்.

---

மாத்திரைப்பெட்டி

மருந்துக் கடையில் நிற்கிறேன். மேலே எல்லோரும் பெரிய எண்ணைப் பற்றியே பேசுகிறீர்கள், எங்களுக்குக் கீழ்ப்பக்கம்தான் பயம்.

தைராய்டு மாத்திரை 25, 50, 75, 100 என்று வரும், எல்லாம் மைக்ரோகிராம். வாங்க வருகிறவர்களில் பாதிப் பேர் "நூறு எம்ஜி கொடுங்க" என்பார்கள். மில்லிகிராம் என்பது மைக்ரோகிராமைப் போல ஆயிரம் மடங்கு. அவர்கள் வாயால் கேட்டதை எழுத்துப்படி கொடுத்தால் ஆயிரம் மாத்திரை ஒரே வேளைக்கு விழுங்க வேண்டும். கடையில் எங்களுக்குத் தெரியும் என்பதால் சிரித்துக்கொண்டு சரியானதை எடுத்துத் தருகிறோம். ஆனால் ஊர் விட்டு ஊர் போய், புது டாக்டரிடம் "நான் தினமும் நூறு எம்ஜி எடுக்கிறேன்" என்று எந்த மருந்தென்று சொல்லாமல் சொன்னால்?

மைக்ரோவுக்கான கிரேக்க எழுத்தைக் கையால் எழுதினால் எம் மாதிரியே தெரியும். அதனால் மருந்துச் சீட்டில் அந்தக் குறியைப் போடாமல் மைக்ரோகிராம் என்று முழுதாக எழுதச் சொல்வதுதான் பாதுகாப்பு விதி. பணத்தில் சுழி மாறினால் திருத்திக்கொள்ளலாம் அண்ணா.

---

பழங்கணக்கு

முன்னொட்டு என்பது நமக்குப் புதிதில்லை என்று ஒரு சின்ன விஷயம் மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன். பழைய தமிழ்க் கணக்கில் கால், அரைக்கால், வீசம், மா, காணி, முந்திரி என்று பின்னங்களுக்குத் தனித்தனிப் பெயர். மா இருபதில் ஒன்று, காணி எண்பதில் ஒன்று, முந்திரி 320இல் ஒன்று. அதற்கும் கீழே போக வேண்டும் என்றால் புதுப் பெயர் தேடவில்லை, முன்னால் "கீழ்" சேர்த்தார்கள். கீழ் வந்தால் 320இல் ஒரு பங்கு. கீழ்க்கால் என்றால் கால் பாகத்தில் 320இல் ஒன்று, அதாவது 1,280இல் ஒன்று. கீழ்முந்திரி 1,02,400இல் ஒன்று. மில்லி, மைக்ரோ செய்கிற அதே வேலை, பத்துக்குப் பதில் 320.

---

மின்கம்பம்

அருமை. ஆனால் அந்தக் கீழ் ஒட்டுவது எண்ணின்மேல், அலகின்மேல் இல்லை. கிலோ அலகோடு ஒட்டுவதால் ஒரு வினை இருக்கிறது, அதைச் சொல்ல விட்டுப்போயிற்று.

முன்னொட்டும் அலகும் சேர்ந்துவிட்டால் ஒரே சொல். சதுரம் போட்டால் முன்னொட்டுக்கும் சேர்த்துச் சதுரம். ஆயிரம் சதுர மீட்டர் ஒன்று, சதுர கிலோமீட்டர் வேறொன்று. சதுர கிலோமீட்டர் என்பது கிலோமீட்டர் நீளம், கிலோமீட்டர் அகலம், ஆக 10 லட்சம் சதுர மீட்டர். ஒன்பதாம் வகுப்பில் இதில் மதிப்பெண் போகாத பிள்ளை குறைவு.

கனத்துக்கு வந்தால் இன்னும் பெரிசு. அணைத் தண்ணீரைப் பற்றி எழுதும் பொறியாளர்கள் பல நாடுகளில் மில்லியன் கன மீட்டர் என்பதைப் பெரிய எம், சின்ன எம், மேலே மூன்று என்று சுருக்கி எழுதுகிறார்கள். மேட்டூரின் 93.47 டி.எம்.சி. அந்தக் கணக்கில் சுமார் 2,647. ஆனால் விதிப்படி அந்தக் குறிக்குப் பொருள் கன மெகாமீட்டர், அதாவது ஆயிரம் கிலோமீட்டர் நீள அகல உயரமுள்ள பெட்டி. பூமியின் மொத்தப் பருமனே கிட்டத்தட்ட 1,083 கன மெகாமீட்டர்தான். எழுத்துப்படி வாசித்தால் மேட்டூர் அணைக்குள் இரண்டு பூமியைப் போட்டாலும் இடம் மிச்சம். ஸ்பெயினில் இதைத் தவிர்க்க கன ஹெக்டோமீட்டர் என்கிறார்கள், நூறு மீட்டர் பக்கமுள்ள பெட்டி, அது சரியாகப் பத்து லட்சம் கன மீட்டர். நம் டி.எம்.சி. அசிங்கமான சுருக்கம்தான், ஆனால் எண்ணுப்பெயர் மட்டும் இருப்பதால் இந்தப் பள்ளத்தில் விழவில்லை.

---

சும்மாவந்தவன்

ஹெக்டோ என்று ஒன்று இருக்கிறதா? அதை யார் பயன்படுத்துகிறார்கள்?

---

வரவுசெலவு

இதற்கு நானே பதில் சொல்வேன், பட்டாவில் பார்த்திருக்கிறேன். பரப்பு என்ற இடத்தில் ஹெக்டேர், ஏர் என்று இரண்டு கட்டம் இருக்கும். ஹெக்டேர் என்பது ஹெக்டோவும் ஏரும் சேர்ந்ததா? எங்கள் பக்கம் பேச்சில் ஏக்கர், சென்ட் தான், பட்டாவில் மட்டும் இது. ஊரில் இருக்கிற தோட்டத்துப் பட்டாவில் 0 - 40.50 என்று போட்டிருக்கிறது, அது எவ்வளவு என்று யாராவது சொல்லுங்கள்.

---

மின்கம்பம்

அதேதான். ஒரு ஏர் 100 சதுர மீட்டர், நூறு ஏர் ஒரு ஹெக்டேர். ஒரு ஏர் சுமார் 2.47 சென்ட். உங்கள் 40.50 ஏர் என்பது 100 சென்ட், ஒரு ஏக்கர்.